ஒரு ரேட் மாறினால் எத்தனை இடத்தில் மாற்றுவீர்கள்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் செய்கிற காரியம், எக்ஸெல் திறந்து வீட்டுக் கணக்கு எழுதுவது. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, கரண்ட் பில் கணக்கு என்று ஆரம்பிப்போம். ஒரு ஷீட் நன்றாக அமைந்துவிட்டால் அதையே காப்பி செய்து அடுத்ததற்கும் வைத்துக்கொள்வோம். நோகாமல் வேலை முடிந்துவிடும்.

"எனக்கு புரோகிராம் எல்லாம் எழுதத் தெரியாது" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் ஒரு செல்லில் சமக்குறி போட்டு பார்முலா டைப் செய்த நிமிடமே நீங்கள் புரோகிராம் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். ஆகவே புரோகிராமர்களுக்கு வருகிற வியாதிகள் உங்களுக்கும் வரும். எனக்கு வந்தது. அதனால் என் அக்காவுக்கு 535 ரூபாய் நஷ்டம்.

நான் இருப்பது அணுபுரத்தில். கல்பாக்கத்தில் அணுசக்தித் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கான குடியிருப்பு இது. அக்கா மாமல்லபுரத்தில் இருக்கிறார். அவர் பொறுப்பில் நான்கு மின் இணைப்புகள்: அவர் இருக்கும் கீழ் வீடு, வாடகைக்கு விட்ட மாடி, வாடகைக்கு விட்ட பின்கட்டு, இரண்டு தெரு தள்ளி அம்மா வீடு. வாடகையோடு சேர்த்து கரண்ட் காசையும் அக்காவே வாங்கி நெட்டில் கட்டிவிடுவார். ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு முன்பே மீட்டரைப் பார்த்து, இந்தத் தடவை எவ்வளவு வரும் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிடுவது அவர் வழக்கம். அதற்குத்தான் நான் ஒரு எக்ஸெல் பைல் செய்து கொடுத்தேன். வீட்டுக்கு ஒரு ஷீட், வருடத்துக்கு ஆறு பில்.

2022 செப்டம்பர் 10 அன்று தமிழ்நாட்டில் மின் கட்டணம் மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லா ஷீட்டிலும் புது ரேட்டைப் போட்டுக் கொடுத்தேன். அப்படித்தான் நினைத்தேன். நவம்பர் கடைசியில் பின்கட்டுக்காரர் காலி செய்தார். மீட்டரில் 480 யூனிட். ஷீட் 1,070 ரூபாய் என்றது. அதை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து அனுப்பிவிட்டார் அக்கா. நான்கு நாளில் பில் வந்தது: 1,605 ரூபாய்.

"டேய் தம்பி, உன் கம்ப்யூட்டர் கணக்கு எனக்கு ஐந்நூத்தி முப்பத்தஞ்சு ரூபா தண்டம் வெச்சிடுச்சுடா" என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால், பைலில் 'பின்கட்டு' என்று ஒரு ஷீட், 'பின்கட்டு (2)' என்று ஒரு ஷீட். எப்போதோ காப்பி எடுத்தபோது எக்ஸெல் தானாக வைத்த பெயர். நான் திருத்தியது ஒன்றை. அக்கா பார்த்தது மற்றொன்றை.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் கவனமாக இருந்திருந்தால் மட்டும் தப்பித்திருப்பேனா என்று யோசித்தபோது, இல்லை என்றுதான் தோன்றியது. காரணம் அந்த பார்முலாவிலேயே இருந்தது.

ஏழு அடுக்கு இஃப்

2022 கட்டணப்படி வீடுகளுக்கு இரண்டு மாதக் கணக்கு இப்படி இருந்தது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 400 வரை முழுக்க 4.50, 401 முதல் 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11 ரூபாய்.

இதை அப்படியே எக்ஸெலில் எழுதினால் என்ன ஆகும்? இஃப் பங்ஷனைத்தான் எல்லோரும் தேடிப் போவோம். 100-க்குள் இருந்தால் சைபர், இல்லாவிட்டால் 200-க்குள் இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் 400-க்குள் இருந்தால் அப்படி என்று இஃப்புக்குள் இஃப் போட்டு ஏழு இஃப். எக்ஸெல் 2003 வரை ஒரு பார்முலாவுக்குள் ஏழு அடுக்குக்கு மேல் பங்ஷன்களை வைக்க முடியாது. 2007 பதிப்பில் அதை 64 ஆக்கினார்கள். 64 அடுக்கு போட்டுவிட்டு அதை மறுநாள் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பக்கத்து பிளாக்கில் ஒரு நண்பர் இருக்கிறார். வேலையில் புரோகிராம் எழுதுபவர். அந்த பார்முலாவை பிரிண்ட் எடுத்து அவரிடம் காட்டினேன். அவர் தவறைத் தேடவில்லை. பேனாவை எடுத்து எண்ண ஆரம்பித்தார்.

"இதுல 4.50 எத்தனை இடத்துல இருக்கு, சொல்லுங்க சார்."

ஆறு இடத்தில் இருந்தது. 6 ரூபாய் ஐந்து இடத்தில், 8 ரூபாய் நான்கு இடத்தில், 2.25-ம் 9-ம் மும்மூன்று இடத்தில், 10 இரண்டு, 11 ஒன்று. ஆக ஒரே பார்முலாவில் 24 இடங்களில் ரேட் எழுதியிருக்கிறேன். வருடத்துக்கு ஆறு பில், நான்கு ஷீட் என்றால் 24 பார்முலா. 24 பெருக்கல் 24, மொத்தம் 576 இடங்கள். இதில் அந்த உபரி 'பின்கட்டு (2)' சேர்த்தி இல்லை. மின்வாரியம் அறிவித்தது ஏழு ரேட். அதை நான் 576 இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

"பைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டால் ஒரே தட்டில் மாறிவிடாதா?" என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் செய்து பார்த்தேன். பழைய ரேட்டில் 3 ரூபாய் என்று ஒன்று இருந்தது. 3-ஐத் தேடி 4.50 ஆக மாற்றச் சொன்னால், எக்ஸெல் சொன்ன பேச்சு தட்டாமல் 300 என்ற எண்ணையும் 4.5000 ஆக்கிவிடுகிறது. அதற்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான். எந்த 3 ரேட், எந்த 3 யூனிட் என்று அதற்குத் தெரியாது.

இரண்டு வியாதி

நண்பர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது, என் பார்முலாவுக்கு இருந்தது ஒரு வியாதி அல்ல, இரண்டு. ஒன்று சிக்கல், அதாவது கிளைகள் அதிகம். இன்னொன்று நகல், அதாவது ஒரே விஷயம் பல இடத்தில்.

சிக்கலை அளக்க ஒரு கணக்கே இருக்கிறது. 1976-ல் தாமஸ் மெக்கேப் என்பவர் சொன்னது. ஒரு புரோகிராமில் எத்தனை இடத்தில் 'இப்படியா, அப்படியா' என்ற கேள்வி வருகிறது என்று எண்ணுங்கள், அதோடு ஒன்று கூட்டுங்கள். பத்துக்கு மேல் போனால் அந்த புரோகிராமைப் பிரித்து எழுதுவது நல்லது என்றார். என் பார்முலாவில் ஏழு கேள்வி, ஆகவே எட்டு. "பத்துக்குள்தானே இருக்கிறது!" என்று தப்பிக்கப் பார்த்தேன். "எட்டு கிளையையும் ஒருமுறையாவது சோதித்தீர்களா?" என்று கேட்டார். இல்லை. அக்கா வீட்டில் யாரும் 1,000 யூனிட் தாண்டியதில்லை, ஆகவே கடைசிக் கிளை சரியா தப்பா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நகலைப் பற்றி 1999-ல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் எழுதிய 'தி பிராக்மேடிக் புரோகிராமர்' புத்தகத்தில் ஒரு விதி வருகிறது. எந்த ஒரு விவரமும் ஒரு சிஸ்டத்துக்குள் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். காப்பி அடிக்கும்போது நமக்கு அலுப்பு தெரியாது. மாற்ற வேண்டிய நாளில்தான் தெரியும்.

இது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் வருவதல்ல. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி ஐபோனுக்கு அவசரமாக ஐஓஎஸ் 7.0.6 என்ற அப்டேட்டை வெளியிட்டது. பாங்க் போன்ற பாதுகாப்பான இணையதளங்களோடு பேசும்போது, எதிரில் இருப்பது உண்மையான தளம்தானா என்று சரிபார்க்கும் பகுதியில் பிழை. 'சோதனையில் தவறு வந்தால் வெளியே போ' என்ற மாதிரியான வரிகள் அங்கே அடுத்தடுத்து ஒரே அச்சில் வருகின்றன. அதில் ஒரு இடத்தில் 'வெளியே போ' என்பது இரண்டு முறை பதிந்துவிட்டது. முதல் 'வெளியே போ'வுக்கு மேலே 'தவறு வந்தால்' என்ற நிபந்தனை இருக்கிறது. இரண்டாவதற்கு எதுவும் இல்லை. ஆகவே தவறு வந்தாலும் வராவிட்டாலும் புரோகிராம் அங்கேயே வெளியேறிவிடும். அதற்குக் கீழே இருந்த கடைசிச் சோதனை நடக்கவே நடக்காது. ஒரே மாதிரி வரிகள் வரிசையாக இருக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. 576 எண்களில் என் கண் வழுக்கியதில் ஆச்சரியம் இல்லை.

மாற்றி எழுதுவோமா?

நண்பர் பார்முலாவைத் தொடவில்லை. கட்டண விவரத்தைத் தாளில் இரண்டு வரிசையாக எழுதச் சொன்னார். 500-க்குள் ஒரு வரிசை, 500-க்கு மேல் ஒரு வரிசை. எழுதிப் பார்த்தால், வேடிக்கை! இரண்டும் ஒன்றுதான். 101 முதல் 200 வரையிலான அந்த நூறு யூனிட்டில் மட்டுமே வித்தியாசம். ஒரு பக்கம் 2.25, மறுபக்கம் 4.50. அதாவது எல்லோருக்கும் ஒரே அட்டவணை, 500-க்குள் இருப்பவர்களுக்கு அந்த நூறு யூனிட்டில் யூனிட்டுக்கு 2.25 சலுகை. அவ்வளவுதான். என் ஏழு இஃப்பும் இந்த ஒரு சின்ன விஷயத்தை மறைத்துக்கொண்டு நின்றன.

இனி எக்ஸெலில் புது ஷீட் ஒன்று திறந்துகொள்ளுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான்.

ஏ, பி, சி நெட்டு வரிசைகளில் வீடு, தேதி, யூனிட். டி முதல் ஜே வரை ஏழு நெட்டு வரிசைகளும் ஏழு கட்டணப் படிகள். மேலே முதல் மூன்று படுக்கை வரிசைகளில் படியின் விவரம் வரும். முதல் வரிசையில் 'இதற்கு மேல்': 0, 100, 400, 500, 600, 800, 1000. இரண்டாவதில் 'இது வரை': 100, 400, 500, 600, 800, 1000, கடைசிப் படிக்கு எல்லை இல்லாததால் 99999. மூன்றாவதில் 'ரேட்': 0, 4.50, 6, 8, 9, 10, 11. அடுத்த கே வரிசை சலுகைக்கு: மேலிருந்து கீழாக 100, 200, 2.25. எல்1 செல்லில் 500 என்று டைப் செய்யுங்கள். நான்காவது படுக்கை வரிசையில் தலைப்புகள். ஐந்தாவதிலிருந்து பில்கள்.

டி5 செல்லில் வர வேண்டிய பார்முலா இது. பங்ஷன் பெயர்களையும் செல் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்:

=மேக்ஸ்(0,மின்($சி5,டி$2)-டி$1)*டி$3

இங்கே மின் என்றால் மின்சாரம் அல்ல, மினிமம்! யூனிட், படியின் மேல் எல்லை இரண்டில் எது சிறியதோ அதை எடு. அதிலிருந்து படியின் கீழ் எல்லையைக் கழி. விடை சைபருக்குக் கீழே போனால் சைபர் என்றே வைத்துக்கொள். பிறகு ரேட்டால் பெருக்கு. டாலர் குறி இருப்பது, பார்முலாவை இழுக்கும்போது அந்தப் பகுதி நகராமல் இருக்க. (டைப் செய்யும்போது எஃப்4 கீயைத் தட்டினால் டாலர் குறி தானாக வரும். ஒவ்வொரு தட்டுக்கும் இடம் மாறும்.) இப்போது செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து கே வரை இழுங்கள். சலுகைக்கும் அதே பார்முலாதான், தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

மொத்தம் வர வேண்டிய எல்5 செல்லில்:

=சம்(டி5:ஜே5)-இஃப்(சி5<=எல்$1,கே5,0)

பிறகு இந்த ஐந்தாவது வரிசையையே கீழே இழுத்துக்கொள்ளலாம். நான்கு வீட்டுக்கும் ஒரே ஷீட். ஒரு வீட்டை மட்டும் பார்க்க வேண்டுமானால் டேட்டா மெனுவில் பில்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்கட்டின் 480 யூனிட்டையே போட்டுப் பார்ப்போம். 100-400 படியில் 300 யூனிட், 1,350 ரூபாய். 400-500 படியில் 80 யூனிட், 480 ரூபாய். 500-600 படியில் கழித்தால் மைனஸ் 20 வருகிறது, ஆகவே சைபர். கூட்டினால் 1,830. சலுகை 225 போனால் 1,605. மின்வாரியம் சொன்னதும் அதுவே.

கேள்வி ஏழிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது. (மின், மேக்ஸ் இரண்டுக்குள்ளும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்று நண்பர் கறாராகச் சொன்னார். இருக்கட்டும். அது எல்லாப் படிக்கும் ஒரே கேள்வி, ஒருமுறை சோதித்தால் போதும்.) ரேட் எழுதும் இடம் 576-லிருந்து எட்டாகிவிட்டது, அதில் ஒன்று சைபர்.

சோதிக்காமல் நம்ப வேண்டாம். படிகளின் ஓரத்தில் இருக்கும் எண்களைப் போட்டுப் பாருங்கள், தவறு பெரும்பாலும் ஓரத்தில்தான் ஒளிந்திருக்கும். 2022 ரேட்டில் 100 யூனிட்டுக்கு 0, 200-க்கு 225, 400-க்கு 1,125, 500-க்கு 1,725, 501-க்கு 1,958 வர வேண்டும். கடைசி இரண்டையும் மறுபடி பாருங்கள். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய்! சலுகை போனதில் 225, அந்த யூனிட்டின் விலை 8. பழைய பார்முலாவை மாதக் கணக்கில் வைத்திருந்தும் இது என் கண்ணில் படவில்லை.

எங்கே ஜாக்கிரதை?

எல்லாவற்றையும் இப்படி ஒன்றாக்கிவிடலாம் என்று உற்சாகமாகக் கிளம்ப வேண்டாம். 2022 செப்டம்பருக்கு முன்பிருந்த கட்டணத்தையும் இதே அட்டவணைக்குள் திணிக்க முயன்று ஒரு மாலையை வீணடித்தேன். அப்போது அதே 101-200 யூனிட்டுக்கு, மொத்தம் 200-க்குள் இருந்தால் 1.50, 500-க்குள் இருந்தால் 2, தாண்டினால் 3.50. அதற்கு மேற்பட்ட யூனிட்டுக்கும் ரேட் வேறு வேறு. போதாதற்கு 20, 30, 50 ரூபாய் என்று நிலைக்கட்டணம் வேறு. அங்கே இருந்தவை உண்மையிலேயே மூன்று வெவ்வேறு அட்டவணைகள். விஷயமே சிக்கலாக இருந்தால் பார்முலாவும் அந்த அளவு சிக்கலாகத்தான் இருக்கும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருப்பவற்றை வலுக்கட்டாயமாக ஒட்டவைத்தால், அவற்றைப் பிரிக்கவே மறுபடி இஃப் மேல் இஃப் போட வேண்டிவரும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் முக்கியமானது. ரேட் ஒரே இடத்தில் இருப்பதால், அதை மாற்றினால் பழைய பில்களின் தொகையும் சேர்ந்து மாறிவிடும்! போன வருடம் கட்டிய 1,725 திடீரென்று 1,805 என்று காட்டும். ஆகவே பணம் கட்டிய உடனே அந்த பில்லின் மொத்தத்தை உறைய வைத்துவிட வேண்டும். எல் வரிசையில் அந்த செல்லை காப்பி செய்து, அதன் மேலேயே ரைட் க்ளிக் செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் தேர்ந்தெடுங்கள். பார்முலா போய் எண் மட்டும் நிற்கும். அடுத்த ரேட் வருமுன், பழைய வரிசையில் படிக்குப் படி வந்த தொகைகளையும் வேண்டுமானால் இப்படியே உறைய வைக்கலாம். இதுவும் நகல்தானே என்று கேட்கலாம். ரேட் என்பது விதி, அது ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கட்டிய தொகை நடந்து முடிந்த விஷயம், அது அந்தந்த பில்லுக்குச் சொந்தம்.

ரேட் வரிசையில் யாரும் தவறுதலாகக் கை வைக்காமல் இருக்க, பில் வரிசைகளை மட்டும் பார்மேட் செல்ஸ் போய் லாக் எடுத்துவிட்டு, ரிவ்யூ டேபில் புரொடெக்ட் ஷீட் கொடுக்கலாம். அக்கா வீட்டில் பிள்ளைகள் உண்டு என்பதால் நான் கொடுத்திருக்கிறேன்.

இதே பழக்கம் எக்ஸெலோடு நின்றுவிடுவதில்லை. வேர்டில் முப்பது தலைப்பையும் ஒவ்வொன்றாக செலக்ட் செய்து போல்டு போட்டு எழுத்தைப் பெரிதாக்குபவர்கள், ஒருமுறை ஹெடிங் ஸ்டைல் கொடுத்துப் பாருங்கள். ஸ்டைலை மாற்றினால் முப்பதும் மாறும். பவர்பாயிண்ட்டில் ஸ்லைடு மாஸ்டர் செய்வதும் அதேதான்.

2024 ஜூலை 1 முதல் கட்டணம் மறுபடி கூடியது. 4.50 என்பது 4.70, 6 என்பது 6.30, 8 என்பது 8.40, 9 என்பது 9.45, 10 என்பது 10.50, 11 என்பது 11.55, சலுகை 2.35. பழைய பில்களை உறைய வைத்துவிட்டு, இந்த ஏழு செல்லை மாற்றச் சொல்லி அக்காவுக்கு போனிலேயே சொன்னேன். 500 போட்டால் 1,805-ம், 501 போட்டால் 2,048.40-ம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வந்தது. நீங்கள் இந்த ஷீட்டைச் செய்யும்போது அன்றைய தேதியில் அமலில் இருக்கும் ரேட்டை மின்வாரிய இணையதளத்தில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அக்கா மீட்டரில் 490 வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிவிட்டு வருகிறாராம். ரீடிங் எடுக்க ஆள் வரும் வரைக்கும் மாடி வீட்டில் ஏசி ஓடுவதில்லை.